‘ஈசிஎம் போயிடுச்சு சார்’: இந்த வார்த்தையை நம்புவதற்கு முன்னால்

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். பழைய கார் இருக்கிற வீட்டில் என்றாவது ஒருநாள் இது வந்து விழும். "ஈசிஎம் போயிடுச்சு சார்."

ஈசிஎம் என்றால் இன்ஜின் கன்ட்ரோல் மாடுல். ஈசியு என்றும் சொல்வாங்க, இரண்டும் ஒன்றுதான். டேஷ்போர்டுக்கு அடியிலோ, கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ, சில கார்களில் பானெட்டுக்குள்ளேயோ ஒரு சின்ன அலுமினியப் பெட்டியாக இருக்கும். எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும், எந்த நொடியில் ஸ்பார்க் கொடுக்கணும் என்று முடிவு பண்ற கம்ப்யூட்டர் அதுதான். நாலு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால், ஒரு நொடிக்கு 100 ஸ்பார்க். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெட்டி தனித்தனியாகக் கணக்குப் போடுது.

அது போய்விட்டது என்று சொன்னால் நமக்கு வயிறு கலங்கும். புதுசு கிடைக்காது, கிடைத்தாலும் காரின் மதிப்பில் பாதி. பல பேர் அந்த இடத்திலேயே காரை எடைக்குப் போட்டுடறாங்க. என் கேள்வி ஒன்றுதான். அது நிஜமாகவே போய்விட்டது என்று யார் நிரூபித்தார்கள்?

25 வயசான கம்ப்யூட்டர்கள்

முதலில் இந்தப் பெட்டி நம்ம ஊர்ச் சின்னக் கார்களுக்குள் எப்படி வந்தது என்று பார்த்துடலாம். அதற்கு முன்பு பெரும்பாலும் கார்புரேட்டர்தான். 1999-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி தலைநகர்ப் பகுதியில் யூரோ புகை விதிகளை முன்கூட்டியே கட்டாயமாக்கியது. 2000-ல் டெல்லியில் வந்த பாரத் ஸ்டேஜ் 2 விதி 2001-ல் சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்கும், 2005-ல் நாடு முழுக்கவும் வந்தது. அந்த அளவுக்குப் புகையைக் குறைக்க கார்புரேட்டரை வைத்துக்கொண்டு திணறினார்கள். எம்பிஎஃப்ஐ வந்தது, கூடவே கம்ப்யூட்டரும் வந்தது.

அப்போ கணக்குப் பண்ணிப் பாருங்க. நடுத்தரக் குடும்பக் கார்களுக்குள் வந்த முதல் தலைமுறை கம்ப்யூட்டர்களுக்கு இப்போ 20, 25 வயசு. உங்க வீட்டில் 20 வருஷம் நிற்காமல் ஓடின லேப்டாப் ஏதாவது இருக்கா? இந்தப் பெட்டி அவ்வளவு காலம் மே மாத வெயிலில், மழையில், குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கிக்கொண்டே ஓடியிருக்கு. அதனால் ஈசிஎம் சாகவே சாகாது என்று நான் சொல்ல வரவில்லை. சாகும். ஆனால் கார் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு அதைவிடச் சாதாரணமான காரணங்கள் நிறைய இருக்கு. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, கடைசியாகத்தான் அந்தப் பெட்டி மேல் கை வைக்கணும்.

என்னை மாதிரி ஐடியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். வேலைக்குச் சேர்ந்த புதுசில், கோடு ஓடவில்லை என்றால் "கம்பைலர்லயே பக் இருக்கு" என்று சொல்லத் தோணும். கம்பைலரில் பக் இருப்பது உண்டுதான். ஆனால் முதல் சந்தேகம் அங்கே போகக்கூடாது.

பெரியப்பாவின் நோட்டு

எங்க பெரியப்பாவிடம் 2003 மாடல் பெட்ரோல் கார் ஒன்று இருக்கு. கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை. போன கோடையில் அது ஒரு விளையாட்டு காட்டியது. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். மத்தியானம் வெயிலில் ரெண்டு மணி நேரம் நின்றால் பிடிக்காது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் உயிர் வராது. சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் ரெண்டு ரிலே மாற்றினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி நின்றது. இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில்தான் அந்த வாக்கியம் வந்தது. "ஈசிஎம் போயிடுச்சு சார். புதுசு வராது. பழசு பார்க்கலாம், 12,000 ஆகும். கேரண்டி கிடையாது." கூடவே ஒரு யோசனையும் சொன்னார்கள். "இந்த வண்டிக்கு இவ்வளவு போடறதுக்குப் பேசாம எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க."

பெரியப்பா மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கார் வாங்கின நாளிலிருந்து அவர்தான் ஓட்டுகிறார். 2023-ல் எஃப்சி காட்டி ஆர்சியை இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பித்து வைத்திருந்தார். பென்ஷனில் இன்னொரு கார் வாங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. இந்தக் கார் போனால் அவரும் பெரியம்மாவும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோதான்.

எனக்கு போன் பண்ணி ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன்டா தம்பி, செத்துப்போனது சாயங்காலமானா எப்படிடா எழுந்திரிக்கும்?"

நான் போனபோது ஒரு பழைய டைரியை எடுத்துக் கொடுத்தார். எந்தத் தேதி, எத்தனை மணி, வெயிலா நிழலா, எவ்வளவு நேரம் நின்றது, பிடித்ததா இல்லையா, எல்லாம் எழுதி வைத்திருந்தார். 11 நாள் கணக்கு. நான் வேலையில் பார்க்கிற பல பக் ரிப்போர்ட்டைவிட அது சுத்தமாக இருந்தது. ஐந்து தடவை நின்றிருக்கு, ஐந்தும் வெயிலில் நின்ற பிறகு. நிழலில் நின்ற நாளில் ஒரு தடவைகூட இல்லை.

எப்போதாவது வந்து போகிற கோளாறுக்கு இதுதான் முதல் படி. எப்போது வருது என்று எழுதுங்க. கோளாறை நாமே வரவழைக்க முடிந்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று தேட முடியும்.

சாவியைத் திருப்பினதும் மூன்று விஷயம்

செல்ஃப் அடிக்காமல், சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்க. மூன்று விஷயம் கவனிக்கணும்.

ஒன்று, செக் இன்ஜின் லைட். இன்ஜின் ஓடாமல் சாவி ஆன் பண்ணினால் அது எரியணும். அந்த லைட்டை எரிய வைப்பது பெரும்பாலான கார்களில் ஈசிஎம்தான். எரிந்தால் பெட்டிக்குக் கொஞ்சமாவது உயிர் இருக்கு என்று அர்த்தம்.

இரண்டு, பின் சீட்டுப் பக்கம் ‘ஊம்’ என்று ரெண்டு நொடி ஒரு சத்தம் வரும். பெட்ரோல் பம்ப் பிரஷர் ஏற்றுகிற சத்தம். அந்த ரிலேயை இழுப்பதும் பல கார்களில் ஈசிஎம்தான்.

மூன்று, ஸ்கேனர். இங்கே ஒரு எச்சரிக்கை. "ஸ்கேனர் மாட்டினேன், பேசலை, அதனால ஈசிஎம் அவுட்" என்று சொன்னால் உடனே ஒத்துக்காதீங்க. நம்ம நாட்டில் ஓபிடி கட்டாயமானதே பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில்தான், 2010-ல் முதல் கட்டம், 2013-ல் இரண்டாம் கட்டம். அதற்கு முந்தின கார்கள் பல அந்தந்தக் கம்பெனி பாஷையில் மட்டும்தான் பேசும். ஆன்லைனில் வாங்கின ப்ளூடூத் ஸ்கேனருக்கு அந்த பாஷை தெரியாது. 16 கால் சாக்கெட் இருக்கிற காராக இருந்தாலும் 16-வது காலில் பேட்டரி சப்ளை, 4-லும் 5-லும் எர்த் வருதா என்று பாருங்க. பல கார்களில் அந்த சப்ளையும் சிகரெட் லைட்டரும் ஒரே ஃபியூஸ். போன் சார்ஜர் போட்டு ஃபியூஸ் போயிருந்தால் ஸ்கேனர் பேசாது. அதற்கு ஈசிஎம் என்ன பண்ணும்?

பெரியப்பா காரில் காலையில் லைட் எரிந்தது, பம்ப் சத்தமும் வந்தது. மத்தியானம் வெயிலில் நிறுத்தி வைத்து, பிடிக்காமல் போனதும் பார்த்தோம். லைட் இல்லை, பம்ப் சத்தமும் இல்லை. ஆக, அந்த நேரத்தில் ஈசிஎம் வேலை செய்யவில்லை. இது உறுதி. ஆனால் ‘வேலை செய்யவில்லை’ வேற, ‘கெட்டுப்போச்சு’ வேற. அதற்குச் சாப்பாடு போகாமல் இருந்தாலும் வேலை செய்யாதே.

லோடு போட்டுப் பார்

சாப்பாடு என்றால் 12 வோல்ட் சப்ளையும் எர்த்தும். ஈசிஎம்முக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சப்ளை வயர், ஒன்றுக்கு மேற்பட்ட எர்த் வயர் இருக்கும். எந்தக் காலில் எது என்று அந்தக் காரின் வயரிங் வரைபடத்தில் இருக்கும். அது கையில் இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க.

நான் மல்டிமீட்டரை எடுத்து வைத்தேன். 12.3 வோல்ட் காட்டியது. "சப்ளை இருக்கு பெரியப்பா" என்றேன். அவர் சிரித்தார். "மீட்டர் என்ன கரண்டையா இழுக்குது? லோடு போட்டுப் பாருடா."

விஷயம் இதுதான். ஒரு வயருக்குள் 20 இழை இருக்கு, அதில் 19 அறுந்துபோச்சு என்று வையுங்க. மீட்டர் இழுக்கிற கரண்ட் ரொம்ப ரொம்பக் கம்மி. ஒரே ஒரு இழை இருந்தாலும் முழு 12 வோல்ட்டையும் காட்டும். நிஜ வேலை வரும்போது அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாது. துரு பிடித்த எர்த் போல்ட்டும் அப்படித்தான். மீட்டருக்கு நல்லவன், வேலைக்கு ஆகாதவன்.

அதற்கு மருந்து ஒரு இண்டிகேட்டர் பல்பு. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஈசிஎம் கப்ளரைப் பிடுங்கணும். பிறகு பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்து, கப்ளரில் சப்ளை காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவில் அந்த பல்பைக் கொடுக்கணும். பளிச்சென்று எரிந்தால் இரண்டு பக்கமும் சரி. மங்கலாக எரிந்தால் கோளாறு வயரிங்கில், ரிலேயில் அல்லது எர்த்தில்.

இரண்டு ஜாக்கிரதை. கப்ளர் காலுக்குள் தடிமனான எதையும் சொருகாதீங்க, கால் விரிந்துவிட்டால் புதுசாக ஒரு கோளாறு சேரும். இந்த பல்பை சென்சார் வயரிலோ சிக்னல் வயரிலோ வைக்கவே கூடாது. அவ்வளவு கரண்ட் போனால் நல்ல ஈசிஎம்மை நாமே கொன்றுவிடுவோம். மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக், அந்தப் பக்கமே போகாதீங்க.

எங்களுக்கு, அதே மத்தியான வெயிலில், கார் பிடிக்காத அதே நேரத்தில், ஒவ்வொரு சப்ளையிலும் பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்போதுதான் பெரியப்பா முகம் மாறியது. "அப்ப சாப்பாடு போகுது. சாப்பிட மாட்டேங்குது."

5 வோல்ட் எங்கே போச்சு

அடுத்த சோதனைதான் பல பேர் தாண்டிப் போகிற இடம். ஈசிஎம் 12 வோல்ட்டை வாங்கி, உள்ளே அதை 5 வோல்ட்டாக மாற்றி, சென்சார்களுக்கு அனுப்பும். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கு என்று சொல்கிற சென்சார், இன்டேக் பிரஷரைச் சொல்கிற மேப் சென்சார், இவற்றுக்கெல்லாம் அந்த 5 வோல்ட்தான் அளவுகோல். சென்சார் கப்ளரில் மீட்டரை வைத்து இதை அளக்கலாம். 5 வோல்ட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கணும்.

எங்களுக்குக் காலையில் 5.0. கார் பிடிக்காத நேரத்தில் 1.8.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. 5 வோல்ட் விழுந்துபோச்சு என்றால் உடனே ஈசிஎம் என்று சொல்லிவிட முடியாது. ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட்டைக் கீழே இழுத்துவிடும். பல கார்களில் அந்த ஒற்றை சென்சாரால் மொத்த ஈசிஎம்மும் செத்த மாதிரி நடிக்கும், ஸ்கேனர்கூடப் பேசாது. ஒரு வீட்டில் ஒரு அயர்ன் பாக்ஸ் ஷார்ட் ஆனால் மொத்த வீடும் இருட்டாகிற மாதிரி. சென்சாரை மாற்றினால் முடிகிற வேலைக்கு ஈசிஎம் மாற்றி, பழைய கோளாறு அப்படியே இருந்து, தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

கண்டுபிடிப்பது சுலபம். மீட்டரை 5 வோல்ட் வயரில் வைத்துக்கொண்டே சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்க. எதைப் பிடுங்கும்போது 5 வோல்ட் திரும்பி வருதோ அதுதான் குற்றவாளி. நாங்கள் எல்லாவற்றையும் பிடுங்கினோம். 1.8 அசையவே இல்லை. அடுத்து ஈசிஎம்மையும் பிடுங்கிவிட்டு, அந்த 5 வோல்ட் வயர் எங்கேயாவது உரசி எர்த் ஆகியிருக்கா என்று ஓம்ஸில் பார்த்தோம். இல்லை. வயர் சுத்தம்.

சப்ளை சரி, எர்த் சரி, சென்சார் சரி, வயர் சரி. இப்போதுதான் அந்தப் பெட்டியைக் கை காட்ட எங்களுக்குத் தகுதி வந்தது.

உங்க காரில் 5 வோல்ட் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பாதை வேற. கிராங்க் சென்சார் சிக்னல் வருதா என்று பாருங்க. இன்ஜின் சுற்றுவதே ஈசிஎம்முக்கு அதை வைத்துத்தான் தெரியும். அந்த சிக்னல் இல்லை என்றால் பல கார்களில் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் வராது. கண்ணில்லாதவனைப் பார்த்து ‘ஏன் ஓடலை’ என்று திட்டுகிற மாதிரி ஆயிடும்.

ஹேர் டிரையர்

விலக்கி விலக்கி வந்தது ஒரு பக்கம். நேரான ஆதாரம் ஒன்றும் எனக்கு வேணும்னு தோணிச்சு. வெயில்தான் காரணம் என்று டைரி சொல்லுது. ஆனால் வெயிலில் மொத்த காருமே சூடாகுது. ஈசிஎம்மை மட்டும் சூடாக்கினால்?

மறுநாள் காலை ஆறரை மணி, கார் நிழலில், ஜில்லென்று இருந்தது. ஈசிஎம்மை பிராக்கெட்டிலிருந்து கழற்றி, வயரோடு வெளியே எடுத்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விட்டோம். பெரியம்மாவின் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் அந்தப் பெட்டி மேல் காட்டினேன். ஹீட் கன் கூடாது, அது சாலிடரையே உருக்கிடும். நாலாவது நிமிஷம் இன்ஜின் நின்றது. செக் இன்ஜின் லைட் இல்லை, பம்ப் சத்தம் இல்லை. மின்விசிறிக்கு முன்னால் பத்து நிமிஷம் வைத்தோம். ஸ்டார்ட் ஆச்சு. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் அதேதான்.

இரண்டாவது ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி. ஈசிஎம்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னபோது அது ஊகம். இப்போ அது உண்மை. அந்த ரெண்டுக்கும் நடுவில்தான் 12,000 ரூபாய் இருக்கு. ஏன் என்று சொல்றேன்.

பெட்டிக்குள்ளே

எது கெட்டது என்று தெரியாமல் பெட்டியை மாற்றலாம். எது கெட்டது என்று தெரிந்தால் பெட்டியைச் சரி பண்ணலாம். 5 வோல்ட் விழுது, சூட்டில் மட்டும் விழுது என்று தெரிந்த பிறகு, பவர் சப்ளை பகுதியில்தான் தேடணும் என்று தெளிவாயிடுச்சு.

அந்தப் பகுதியில் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். சின்ன உருளை மாதிரி, உள்ளே ஒரு திரவத்தோடு. வருஷக்கணக்கில் அந்தத் திரவம் காயும், இல்லை என்றால் அடியில் கசியும். எவ்வளவு சூட்டில் வேலை செய்யுதோ அவ்வளவு சீக்கிரம். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் புழங்குகிற தோராயக் கணக்கு. கசிகிற திரவம் போர்டில் இருக்கிற செம்புத் தடத்தை அரித்துவிடும். இது புதுக் கதையும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ் மாதிரிக் கார்களில் ஈசியு கெப்பாசிட்டர் கசிவது அந்தக் கார் ஆர்வலர்களுக்கு ரொம்பப் பழகின விஷயம். பெட்டியைத் திறந்தாலே மீன் நாற்றம் அடிக்கும் என்பார்கள்.

எங்கள் பெட்டியைத் திறந்தபோதும் லேசாக அந்த வாடை. ரெண்டு கெப்பாசிட்டர் அடியில் பழுப்பாக ஒரு கறை. அதற்குக் கீழே, 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு சப்ளை கொண்டுபோகிற செம்புத் தடம் பச்சை பிடித்து நூல் மாதிரி மெலிந்திருந்தது. போர்டு சூடாகி விரியும்போது அந்த நூல் தொடர்பு விட்டது. ஆறினதும் மறுபடி ஒட்டிக்கொண்டது. செத்தது சாயங்காலம் எழுந்த ரகசியம் அதுதான்.

கெப்பாசிட்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினோம். அதே மைக்ரோ ஃபாரட், வோல்ட்டேஜ் அதே அல்லது கொஞ்சம் கூட, 105 டிகிரி தாங்குகிற ரகம். ரெண்டும் சேர்த்து 40 ரூபாய். ஆணி அடிக்கிற மாதிரி வேலை இல்லை இது. அதனால் தினமும் போர்டு சர்வீஸ் செய்கிற ஒருவரிடம் கொடுத்தோம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டுக் கழுவி, கெப்பாசிட்டர் மாற்றி, அரித்துப்போன தடத்துக்கு மேல் ஒரு ஜம்பர் வயர் போட்டார். கூலி 1,500. பிறகு மறுபடி ஹேர் டிரையர், இந்தத் தடவை கால் மணி நேரம். இன்ஜின் அசையவில்லை. கோடை முடியும் வரை பெரியப்பா டைரியில் ஒரு ‘பிடிக்கலை’கூட இல்லை.

ஏன் செத்தது என்று கேளுங்க

ஈசிஎம் போனது உறுதியானாலும் வேலை முடியவில்லை. அதைக் கொன்றது யார்? எங்களுடையது வயசு. எல்லாம் அப்படி இல்லை. இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி, அதை இயக்குகிற டிரைவர் சிப் எரிந்திருந்தால், காயிலை விட்டுவிட்டு ஈசிஎம்மை மட்டும் மாற்றினால் புதுசும் எரியும். விண்ட்ஷீல்டு ஓரம் தண்ணீர் ஒழுகி உள்ளே போயிருந்தால் அடுத்த மழையில் மறுபடி வரும். பாடியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியையும் ஈசிஎம்மையும் கழற்றாமல் விட்டிருக்கலாம். ஜம்ப் ஸ்டார்ட் பண்ணும்போது பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம்.

இன்னொரு பழக்கம் இருக்கு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, ‘ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதா’ என்று பார்ப்பது. கார்புரேட்டர் காலத்தில் அதனால் பெரிசாக ஒன்றும் ஆகாமல் தப்பித்தார்கள். கம்ப்யூட்டர் இருக்கிற காரில் அந்த நொடியில் எகிறுகிற வோல்ட்டேஜ் ஈசிஎம்மைக் காலி பண்ணிடும். யாராவது உங்க காரில் அதைச் செய்ய வந்தால் கையைப் பிடித்துத் தடுங்க.

சரி, சரி பண்ணவே முடியாத அளவுக்குப் போர்டு எரிந்திருந்தால்? அப்போ புதுப்பேட்டை மாதிரிப் பழைய பார்ட்ஸ் மார்க்கெட்தான். பெட்டி மேல் இருக்கிற பார்ட் நம்பர், கடைசி எழுத்து வரைக்கும் ஒன்றாக இருக்கணும். கப்ளர் மாட்டினால் போதும் என்று நினைக்காதீங்க. காரில் இம்மொபிலைசர் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈசிஎம் உங்க சாவிக்குள் இருக்கிற சிப்பை அடையாளம் வைத்திருக்கும். வேற காரின் ஈசிஎம் உங்க சாவியைப் பார்த்து ‘நீ யாரு’ என்று கேட்கும். பழைய காரின் சாவி சிப்பும் இம்மொபிலைசர் பெட்டியும் சேர்த்து வாங்கணும், இல்லை என்றால் பழைய போர்டின் மெமரி சிப்பில் இருக்கிற தகவலைப் புதுப் போர்டுக்கு மாற்றத் தெரிந்தவர் வேணும். இது தெரியாமல் வாங்கினால், நல்ல ஈசிஎம்மையும் ‘இதுவும் போயிடுச்சு’ என்று தூக்கிப் போடுவோம்.

யாருக்குக் காசு கொடுக்கிறோம்

இதைக் கேட்டுவிட்டு மெக்கானிக்குகளைத் திட்டாதீங்க. கணக்கைப் பாருங்க. நாங்கள் செய்த சோதனைக்கு மொத்தமாக ரெண்டு பகல் ஆச்சு, அதில் கை வேலை மட்டும் ஐந்தாறு மணி நேரம். ஒரு ஒர்க்‌ஷாப்காரர் அவ்வளவு நேரம் செலவழித்து, "சார், பெட்டிக்குள்ள ஒரு தடம் அரிச்சிருக்கு" என்று சொன்னால் நாம எவ்வளவு கொடுப்போம்? "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்றுதானே கேட்போம்? பார்ட் மாற்றினால் காசு, கண்டுபிடித்தால் காசில்லை. அப்படி இருந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? ஊகித்து மாற்றிப் பார்ப்பதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். அந்த ஊகத்துக்கான செலவு நம்ம தலையில்.

அதனால் அடுத்த தடவை அந்த வாக்கியம் வரும்போது சண்டை போட வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்க. ஒன்று, "கோளாறு இருக்கிற நேரத்துல ஈசிஎம் கப்ளர்ல சப்ளையும் எர்த்தும் லோடு போட்டுப் பார்த்தீங்களா அண்ணா?" இரண்டு, "5 வோல்ட் எவ்வளவு இருக்கு, சென்சாரைக் கழற்றிப் பார்த்தீங்களா?" மூன்று, "எதனால போச்சுன்னு ஏதாவது தெரியுதா?" கூடவே நாலாவதாக ஒரு வார்த்தையும் சொல்லுங்க. "பார்க்கிறதுக்குத் தனியா காசு தர்றேன், பார்ட் மாத்தினாலும் மாத்தலைன்னாலும்." இந்த நாலாவது வார்த்தைக்குத்தான் பலன் அதிகம். எங்க தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் இப்போ அப்படித்தான் பேசறேன். அவரும் மீட்டரை எடுத்து நிதானமாக உட்கார்ந்து பார்க்கிறார்.

பழைய கார் வீட்டில் இருந்தால், இன்றைக்கே ஒரு வேலை பண்ணுங்க. உங்க மாடலுக்கான வயரிங் வரைபடத்தைத் தேடி, ஈசிஎம் கப்ளர் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து கிளவ் பாக்ஸில் போட்டு வையுங்க. கூடவே ஒரு சின்ன நோட்டும் பேனாவும். வண்டி நின்ற நேரத்தையும் வெயிலையும் எழுதி வைத்துக் கொடுத்தால், பார்க்கிறவருக்கு அதில் பாதி வேலை மிச்சம்.

உங்க வீட்டுக் காரில் இந்த மாதிரிக் கண்ணாமூச்சி ஆடின கோளாறு இருந்தால் எழுதி அனுப்புங்க. எப்போ வந்தது, எப்போ போனது என்பதையும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.